வண்டி எண்ணெயை எப்போது மாற்றுவது?

விடியுமுன்னே கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறிச் செல்லும் ஜீப்புகளை நம் அன்பர்களுள் அறியாதார் இரார். ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தாய்மாரையும் சகோதரியரையும் சுமந்துகொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டே அவை ஏறுகின்றன. மாலையில் அதே வழியே இறங்குகின்றன. இவ்வண்டிகளுள் பல கடன்பட்டு வாங்கியவை. எஞ்சின் ஒருமுறை படுத்துவிட்டால், பழுது பார்க்கும் செலவு ஒருபுறம் இருக்க, வண்டி நிற்கும் நாள்களின் வருவாயும் போய்விடும். கடன் தவணை மட்டும் ஒரு நாளும் நிற்பதில்லை.

சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் இரண்டு இப்பொருளைப் பற்றியன. உடும்பன்சோலை வட்டத்திலிருந்து ஜீப் ஓட்டும் அன்பர் ஒருவர் எழுதுகிறார்: 'எஞ்சின் ஆயிலை 5,000 கிலோமீட்டரில் மாற்று என்கிறார் மெக்கானிக், 10,000 வரை ஓட்டலாம் என்கிறார் கடைக்காரர். பழைய எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்துப் பார்த்தே மாற்றும் வழக்கம் உண்டென்று கேள்விப்பட்டேன். அது நம்மவர்க்கு ஆகக்கூடியதா?' மற்றவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவர். நாள்தோறும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்குத் தம் காரில் போய் வருபவர். கம்பெனிப் புத்தகத்தில் கண்ட தூரத்துக்கு மேலும் எண்ணெயை ஓட்டலாமா என்பது அவர் ஐயம். இருவர்க்கும் ஒரே விடை சொல்ல நம்மால் இயலாது. ஏன் இயலாது என்பதை விளக்கப் புகுந்தால் கேள்விக்குப் பெரும்பகுதி விடையும் கிடைத்துவிடும்.

கிலோமீட்டர்க் கணக்கு என்பது என்ன? எவ்வகைச் சாலையில், எவ்வகை ஓட்டத்தில், எண்ணெய் எவ்வளவு நாள் தாங்கும் என்று வண்டி செய்தவர்கள் முன்கூட்டியே போட்ட மதிப்பீடு அது. அவர்கள் மனத்தில் கொண்ட சாலை நம் சாலையாக இருக்கவேண்டும் என்பதில்லை. கொழிஞ்சாம்பாறை அன்பரின் கார் சராசரி மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 10,000 கிலோமீட்டர் ஓட அதற்கு 250 மணி நேரம் பிடிக்கும். உடும்பன்சோலை ஜீப்போ மலையேற்றத்தில் மணிக்குப் 15 கிலோமீட்டர் போனால் அதிகம். அதே 10,000 கிலோமீட்டருக்கு அதன் எஞ்சின் ஏறக்குறைய 670 மணி நேரம் உழைத்திருக்கும். ஆள் ஏற்ற நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்ட நேரம் இதில் சேராது. மீட்டர் காட்டும் தூரம் ஒன்றே. எண்ணெய் பட்ட பாடு இரண்டரை மடங்குக்கு மேல். இதனாலேயே டிராக்டருக்கும் மண் வாரும் இயந்திரத்துக்கும் கிலோமீட்டரைப் பாராமல் மணிக்கணக்கில் எண்ணெய் மாற்றுகிறார்கள்.

இனி, எண்ணெய் கெடுவது என்றால் என்ன என்று பார்ப்போம். கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. டிப் ஸ்டிக்கை உருவி, இரு விரல்களுக்கிடையே தேய்த்து, முகத்தைச் சுளித்து, 'மாற்றிவிடு' என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்குகளை எல்லா ஊர்களிலும் காணலாம். டீசல் எஞ்சினில் ஊற்றிய எண்ணெய் சில நூறு கிலோமீட்டருக்குள்ளாகவே கறுக்கும். கரியைத் திரளவிடாமல் பொடிப்பொடியாகத் தன்னுள் தாங்கி நிற்பது எண்ணெய்க்கு இடப்பட்ட கடமைகளுள் ஒன்று. கறுத்த எண்ணெய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் எண்ணெயாகவும் இருக்கலாம். மாறாக, பொன்னிறம் மாறாத எண்ணெயில் கண்ணுக்குத் தெரியாத தூசி கலந்து பேரிங்குகளை அரைத்துக்கொண்டிருப்பதும் உண்டு. கண்ணும் விரலும் இங்கே நல்ல சாட்சிகள் அல்ல. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் மட்டும் கண் சொல்வதை நம்பலாம். அது நீர் கலந்ததன் அடையாளம்.

எண்ணெயையே விசாரித்து அறியும் முறையை முதன்முதலில் பெரிய அளவில் கைக்கொண்டவர்கள் இரயில்வேக்காரர்கள். 1946 வாக்கில் அமெரிக்காவின் டென்வர் ரியோ கிராண்டு இரயில்வே, தன் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயில் என்னென்ன உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று ஆராய்ந்து, எஞ்சின் உள்ளே எது தேய்கிறது என்பதைத் திறந்து பாராமலே கண்டது. அடுத்த பத்தாண்டில் அந்நாட்டுக் கடற்படை விமான எஞ்சின்களுக்கு அம்முறையை எடுத்துக்கொண்டது. நம் நாட்டுக்கு 1962-இல் அமெரிக்காவிலிருந்து ஆல்கோ டீசல் எஞ்சின்கள் வந்தன. பின்னர் வாராணசியிலேயே செய்யப்பட்ட அவை 2,600 குதிரைத் திறன் உடையவை. டபிள்யூ.டி.எம்.2 என்று பெயர். ஈரோட்டுக் கொட்டகை, பொன்மலைக் கொட்டகை என்று நாம் கேள்விப்பட்ட டீசல் கொட்டகைகளின் ஆட்சிக் காலம் அது. மின்கம்பி வருமுன் போத்தனூரிலிருந்து வாளையாறு வழியாக ஒலவக்கோட்டுக்குச் சரக்கு வண்டிகளை இழுத்தவை டீசல் எஞ்சின்களே. அவ்வகை எஞ்சின் ஒன்றின் வயிற்றில் 900 லிட்டர் அளவு எண்ணெய் கொள்ளும். அதை நாள் கணக்குப் பார்த்துக் கீழே கொட்டினால் கட்டுமா? ஆதலால் கொட்டகைக்குள்ளேயே ஆய்வகம் வைத்து, எண்ணெய் மாதிரியை அவ்வப்போது எடுத்துச் சோதித்து, அது சொல்வதைக் கேட்டு முடிவு செய்யும் பழக்கம் இரயில்வேயில் நிலைத்தது.

சோதனையின் தத்துவம் கடினமானதன்று. சிறிதளவு எண்ணெயை மின்பொறியில் எரித்தால் அதிலுள்ள ஒவ்வோர் உலோகமும் தனக்கே உரிய ஒளியை வீசும். தீபாவளி மத்தாப்பில் பச்சையும் சிவப்பும் வருவது எதனால் என்று அறிந்தவர்க்கு இது புதிதன்று. நிறமாலைமானி அவ்வொளியைப் பிரித்து, எந்த உலோகம் பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு இருக்கிறதென்று எண்ணிக் கொடுத்துவிடும். இரும்பு மிகுந்தால் சிலிண்டர் சுவரும் தண்டுகளும் தேய்கின்றன. அலுமினியம் மிகுந்தால் பிஸ்டன். குரோமியம் என்றால் பிஸ்டன் ரிங். செம்பும் ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங். சோடியமோ பொட்டாசியமோ தலைகாட்டினால் கூலண்ட் எங்கோ கசிந்து எண்ணெயில் கலக்கிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்கவேண்டும். அறிக்கையில் துத்தநாகமும் கால்சியமும் பாஸ்பரசும் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருக்கக்கண்டு அஞ்சவேண்டா. அவை எண்ணெய் செய்தவர்களே சேர்த்த மருந்துகள்.

சிலிக்கனைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும்; நம் இரு பகுதிகளுக்கும் அதுவே தலையாய பகை. சிலிக்கன் என்பது மண், சாலைத் தூசி. பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள வாயில். அதன் வழியே கோடைக்குமுன் வீசும் கிழக்குக் காற்று சித்தூர், கொழிஞ்சாம்பாறை வயல்களின் புழுதியை வாரி இறைப்பதை அங்கு வாழ்வோர் அறிவர். மலை மேலேயோ, தார் போடாத தோட்டப் பாதைகளில் முன் செல்லும் ஜீப் கிளப்பும் தூசியைப் பின் செல்லும் ஜீப் விழுங்குகிறது. ஏர் பில்டர் செம்மையாக இருந்தால் இத்தூசி வாசலிலேயே நின்றுவிடும். அதைத் தட்டியும், காற்றுக் குழாயை நெருக்கிப் பிடித்து ஊதியும் துப்புரவு செய்வதாக எண்ணித் தாளைக் கிழித்துவிடுகிறார்கள். அல்லது ரப்பர் விளிம்பு சரியாக உட்காராமல் மாட்டிவிடுகிறார்கள். பிறகு தூசி நேரே உள்ளே போகிறது. அறிக்கையில் சிலிக்கனும் இரும்பும் அலுமினியமும் கைகோத்து ஏறியிருக்குமானால் பொருள் இதுதான். இந்நிலையில் எண்ணெயை 5,000-க்குப் பதில் 3,000 கிலோமீட்டரில் மாற்றினாலும் நோய் தீராது. காற்று போகும் வழியைச் செப்பனிடவேண்டும். புது எஞ்சினிலும், அண்மையில் கேஸ்கட் பசை பூசிக் கட்டிய எஞ்சினிலும் அப்பசையிலிருந்தே சிலிக்கன் வருவதுண்டு. அப்போது உடன் இரும்பு ஏறாது. இந்த வேறுபாட்டை மெக்கானிக்கின் விரல் ஒருபோதும் சொல்லாது.

ஆகவே ஆய்வு இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடையளிக்கிறது: எண்ணெய் கெட்டதா? எஞ்சின் கெடுகிறதா? உலோகக் கணக்கு பின்னதற்கு உரியது. முன்னதற்கு வேறு சில அளவுகள் உள்ளன. முதலாவது பாகுநிலை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை. 15டபிள்யூ-40 என்று டப்பாவில் எழுதிய எண்ணெய், 100 பாகைச் சூட்டில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்கவேண்டும் என்பது விதி. அதற்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் டீசல் கலந்து நீர்த்திருக்கிறது. மேலே ஏறினால் கரியால் தடித்தோ சூட்டில் வெந்தோ போயிருக்கிறது. இரண்டாவது காரச் சேமிப்பு. டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அமிலமாகிறது. அதை முறிக்க எண்ணெயில் காரம் சேர்த்திருக்கிறார்கள். புதிய டீசல் எண்ணெயில் இது 10 அளவில் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் மாற்றும் நாள் நெருங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.

இங்கே பழைய மெக்கானிக்குகளின் பக்கத்தையும் நாம் பேசவேண்டும். அவர்கள் தொழில் பயின்ற காலத்து டீசல் வேறு. 2000-ஆம் ஆண்டு விதிப்படி பத்து இலட்சத்தில் 2,500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். அதற்கு முன் இன்னும் மிகுதி. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படுவது 10 பங்குக்கு மேற்படாத டீசல். அமிலம் குறைந்தது, எண்ணெயின் காரமும் மெல்லவே செலவாகிறது. அடிக்கடி மாற்று என்ற அறிவுரை அன்று முற்றும் சரியானதே. அந்த எண்ணை இன்றும் மாறாமல் சொல்வதே நமக்கு உடன்பாடன்று.

ஒரு சோதனை போதுமா என்றால், போதாது. ஒரே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இரும்பு 60 பங்கு என்று கண்டால் அது நன்றா தீதா என்று எவரும் உறுதியாகச் சொல்லமுடியாது. எஞ்சினுக்கு எஞ்சின் அது வேறுபடும். தொடர்ந்து பார்த்தால்தான் பொருள் விளங்கும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறோம். 5,000 கிலோமீட்டரில் இரும்பு 30 பங்கு. அதே எண்ணெய் 10,000 ஓடியபின் 60 பங்கு. ஆயிரத்துக்கு 6 வீதம் தேய்மானம் சீராக இருக்கிறது. காரமும் பாகுநிலையும் சரியாயிருந்தால் இடையில் மாற்றியிருக்கவேண்டிய அவசியம் இல்லை. அதற்கு மாறாக 10,000-இல் 110 பங்கு என்று வந்தால், பிற்பாதியில் தேய்மானம் இரட்டிப்புக்கு மேல் பெருகியிருக்கிறது. எண்ணெய் தன் காவலைக் கைவிட்டது, அல்லது எஞ்சினில் புதிதாக ஏதோ நேர்ந்தது. இடையில் ஒரு லிட்டர் புது எண்ணெய் ஊற்றியிருந்தால் இக்கணக்கெல்லாம் நீர்த்துப்போகும். ஊற்றியதைக் குறித்து வைக்காதவர் சோதனைக்குக் கொடுக்கும் பணம் வீண்.

நிறமாலைமானிக்கும் ஒரு குறை உண்டு. மிக நுண்ணிய துகளைத்தான் அது நன்கு எண்ணும். சற்றுப் பெரிய துகள், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பருமனாக இருந்தாலே, பெரிதும் அதன் கணக்குக்குத் தப்பிவிடும். பேரிங் செதில் செதிலாக உதிரும்போது அறிக்கை சாதுவாக இருக்கக்கூடும். ஆதலால் ஆயில் பில்டரை மாற்றும்போது பழையதை வெட்டிப் பிரித்து, மடிப்புகளில் மினுக்கும் துணுக்குகள் உண்டா என்று வெயிலில் பார்ப்பதும், காந்தத்தை ஒட்டிப் பார்ப்பதும் ஆய்வகம் சொல்லாததைச் சொல்லும். இதற்குக் காசும் இல்லை.

காசைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். இரயில் எஞ்சினில் 900 லிட்டர். ஆய்வுக் கட்டணம் அதன் முன் தூசு. நம் காரிலும் ஜீப்பிலும் 4 முதல் 6 லிட்டர் வரையே எண்ணெய். ஒரு முழுச் சோதனைக்கு ஆகும் கட்டணம் பல வேளைகளில் புது எண்ணெயின் விலையையே தொட்டுவிடும். எனவே எண்ணெய்ச் செலவை மிச்சம் பிடிக்கவே சோதனை என்று எவரேனும் சொன்னால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று பொருள். கொழிஞ்சாம்பாறை அன்பருக்கு நம் கருத்து இது: வண்டி உத்தரவாதக் காலத்தில் இருக்குமானால் கம்பெனிப் புத்தகத்தின்படியே மாற்றுக, ஆய்வு அறிக்கையைக் காட்டி உத்தரவாதம் கேட்டால் செல்லாது. அக்காலம் கடந்திருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றும் ஒரு காருக்குத் தொடர்ந்து ஆய்வு செய்வது வீண் செலவே.

உடும்பன்சோலை அன்பரின் நிலை வேறு. அவர் வண்டி ஆண்டு முழுதும் ஓடுகிறது. எஞ்சினின் விலையோ எண்ணெயின் விலையைப்போல் பல மடங்கு. அவர் ஆயுள் முழுதும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. இரண்டு மூன்று முறை சோதித்துத் தம் பாதைக்கும் தம் பாரத்துக்கும் உரிய தூரம் எதுவென்று ஒருமுறை கண்டுகொண்டால், பிறகு அதையே பின்பற்றலாம். முதலில் இப்போது மாற்றும் 5,000-இல் மாதிரி எடுக்கவேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் அடுத்த முறை 6,500-இல் எடுக்கலாம். காரம் பாதியைத் தொடும் இடமோ, இரும்பின் வீதம் ஏறத் தொடங்கும் இடமோ எது முன்னே வருகிறதோ அதற்குச் சற்று முன்னதாகவே நிறுத்திக்கொள்ள வேண்டும். 5,000-இலேயே காரம் தீர்ந்திருக்கக் கண்டால் 4,000-க்கு இறங்கவும் மனம் வேண்டும். மணிக்கணக்கை மேலே பார்த்தோம் அல்லவா? ஒரே வகை ஜீப், ஒரே எண்ணெய், ஒரே பாதை என்று நால்வர் ஐவர் கூடினால், முதலில் இருவர் வண்டியைச் சோதித்துச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தோட்டத்தில் லாரியும் டிராக்டரும் ஜீப்பும் பல வைத்திருப்போர் தமக்கு எண்ணெய் வழங்கும் கம்பெனியையே கேட்கட்டும். பெரிய கம்பெனிகள் மொத்த வாடிக்கையாளருக்கு இச்சோதனையைச் செய்து தருவதுண்டு.

அதற்கும் வசதியில்லாதார் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உள்ளது; இரயில்வே ஆய்வகங்களிலும் இது வழக்கில் உண்டு. வடிதாள் ஒன்றை, கிடைக்காவிட்டால் மை ஒற்றும் தாளை, நடுப்பகுதி எதன்மேலும் படாதவாறு ஒரு கிண்ணத்தின் வாயில் வைத்து, சூடான எஞ்சினின் டிப் ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டு விடவேண்டும். சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், சாம்பல் நிறம் நடுவிலிருந்து ஓரம்வரை சீராகப் பரவியிருந்தால் எண்ணெய் இன்னும் கரியைத் தாங்கி நிற்கிறது. நடுவில் கூரிய விளிம்புடன் கறுப்பு வட்டமும் சுற்றிலும் வெற்று எண்ணெயும் நின்றால், தாங்கும் ஆற்றல் போயிற்று, மாற்றிவிடவேண்டும். வெளியோரத்தில் வெளிறிய அகன்ற வளையம் தோன்றினால் டீசல் கலந்திருக்கலாம். தேய்மானத்தையும் தூசியையும் இத்தாள் சொல்லாது.

டீசல் கலப்பைப் பற்றி, 2020-க்குப் பின் வந்த புதுவகை டீசல் வண்டிகள் வைத்திருப்போருக்கு ஒரு சொல். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உள்ளது. அது நிறைந்ததும் மிகுதியாக டீசலைச் செலுத்தி அக்கரியை எரிக்க எஞ்சின் முயலும். சீரான வேகத்தில் நெடுந்தூரம் ஓடும் வாளையாறு, வடக்கஞ்சேரிச் சாலையில் இது தானே நடந்து முடியும். மலையில் பத்துப் பத்துக் கிலோமீட்டராக மெல்ல ஓடி நிறுத்துகிறவர்க்கு அது பாதியில் நின்றுவிட, எரியாத டீசல் எண்ணெய்த் தொட்டிக்குள் வடியும். டிப் ஸ்டிக்கில் அளவு குறையவில்லையே, ஏறியிருக்கிறதே என்று மகிழ்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அளவு ஏறினால் மீட்டரைப் பாராமல் பட்டறைக்குச் செல்லவேண்டும். அவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே உகந்தது. கடைக்காரர் எடுத்துத் தரும் ஏதோ ஒரு டப்பா ஆகாது.

மாதிரி எடுக்கும் முறையில் பிழை நேர்ந்தால் எல்லாம் பிழையாகும். வண்டியை ஓட்டி எஞ்சினைச் சூடாக்கியபின், அடிப்புறத் திருகாணியைக் கழற்றி, முதலில் விழும் எண்ணெயைப் போகவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கவேண்டும். கடைசியில் சொட்டுவதும் ஆகாது. கை சுடும், கவனம் தேவை. ஆய்வகம் கொடுத்த உலர்ந்த புட்டியே நல்லது. வீட்டில் கிடந்த இருமல் மருந்துப் புட்டியைக் கழுவி அதில் பிடித்தால், அறிக்கையில் நீரும் சோடியமும் வந்து நின்று, இல்லாத கேஸ்கட் நோய்க்கு வைத்தியம் பார்க்க நேரும். புட்டியின்மேல் வண்டியின் வகை, எஞ்சின் மொத்தம் ஓடிய தூரம், இவ்வெண்ணெய் ஓடிய தூரம், எண்ணெயின் பெயரும் தரமும், இடையில் ஊற்றிய அளவு, மாதிரி எடுத்த நாள் ஆகிய ஆறும் எழுதப்படவேண்டும். அதே எண்ணெயின் புதிய டப்பாவிலிருந்து ஒரு சிறு புட்டியும் முதல் முறை உடன் அனுப்பினால், எதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று ஆய்வாளர் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். வடித்த பழைய எண்ணெயைத் தோட்டத்து ஓடையோரம் கொட்டாமல் மூடியுள்ள தகரத்தில் சேர்த்து வைத்து, அதை மறுசுத்தி செய்ய எடுத்துக்கொள்ளும் உரிமம் பெற்றவரிடம் கொடுத்துவிடலாம்.